ஜீப்பில் வந்த மூடுபனி

ஸ்வீட்டியின் கடிதத்தைப் பிரித்தால் வீட்டுக்குள் மூடுபனி இறங்கும் என்பதால், அடுப்பு எரியும் நேரத்தில் பொற்கொடி அதைப் பிரிப்பதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவசரப்பட்டுச் சமையலறையில் நின்றபடியே பிரித்துவிட்டாள். விறகடுப்பு இருந்த காலம் அது. அடுப்பு அணைந்து, உலை பாதியில் நின்று, அன்றைக்கு வீட்டில் எல்லோரும் பழைய சோறுதான் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு முன்னறைக் கதவைச் சாத்தி, கொடியில் கிடக்கும் துணிகளை எடுத்துவைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துதான் பிரிப்பாள். பனி முதலில் காகிதத்தின் மடிப்பிலிருந்து வழிந்து தரையில் ஊரும். பிறகு நாற்காலிக் கால்களை மறைக்கும். இரண்டாம் பக்கத்துக்கு வரும்போது எதிர்ச்சுவரில் காலண்டர் தெரியாது. கூடவே ஈர மண்ணும் விறகுப் புகையும் பச்சை ஏலக்காயும் கலந்த வாசனை வரும். சின்னக் கடிதம் என்றால் பொழுது சாய்வதற்குள் கலைந்துவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வருகிற நீளக் கடிதங்களுக்குச் சுவர் வியர்த்து, சுண்ணாம்பு உப்பி, பொருக்குப் பொருக்காக உதிரும். போடிநாயக்கனூரில் அந்தத் தெருவில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வருஷம் தவறாமல் வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. தெருக்காரர்கள் அதை வீட்டின் மனைக்கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இருவரும் போடியில் பெண்கள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பொற்கொடிக்கு ராசிங்காபுரம். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அவள் தினமும் பஸ்சில் வந்து போனாள். ஸ்வீட்டியின் வீட்டார் போடிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். பள்ளி முடிந்ததும் பொற்கொடி தட்டச்சும் கணக்குப்பதிவும் படித்து ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தாள். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லிங்கேஸ்வரனைக் கட்டிக்கொண்டு போடிக்கே குடிவந்தாள். ஸ்வீட்டியை ஜானுக்குக் கொடுத்தார்கள். ஜானுக்குப் போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கச் சரிவில், சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். பொற்கொடி வீட்டு மாடியில் ஏறி நின்றால் அந்த மலையின் இந்தப் பக்கத்து முதுகு தெரியும். ஆனால் தபாலில் போட்ட கடிதம் மாநிலம் மாறி, ஊர் ஊராக ஏறி இறங்கி, பதில் வருவதற்குள் கேட்ட கேள்வியே மறந்துபோகும்.

அதனால் ஜீப்பில் கொடுத்துவிடத் தொடங்கினார்கள். விடிகாலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகள், சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். சுருளிவேல் ஓட்டிய ஜீப்பு ஜானின் தோட்டத்து வழியாகப் போனது. அவன் பொற்கொடி வீட்டு முன்னால் வேகத்தைக் குறைத்து இரண்டு ஹாரன் அடிப்பான். கடிதத்தை வாங்கி, கண்ணாடிக்கு மேல் இருக்கும் முருகன் படத்துக்குப் பின்னால் செருகிக்கொள்வான். தோழிகள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கடிதம் கொண்டுபோன ஜீப்பு சாயங்காலம் வெறுமனே திரும்பக் கூடாது. எழுத நேரமில்லையென்றால் ஒரு வரி. அதற்கும் முடியாவிட்டால் கையில் கிடைக்கிற எதையாவது மடித்துக் கொடுத்துவிட வேண்டும். மகள் சோனியா பிறப்பதற்கு வலி எடுத்த அன்றைக்குக்கூட ஸ்வீட்டி ஒரு துண்டுக் காகிதத்தில் தன் பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தாள். அதிலிருந்து ஒரு கைப்பிடி பனி வந்தது. பொற்கொடி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது கரையும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேலே போன கடிதங்களிலிருந்து வெயில் வந்தது. ஸ்வீட்டி அதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் சோனியாவின் ஈரத்துணிகளை அந்தக் காகிதத்தின் மேல் பரப்பி வைத்துவிடுவாள். ஜானுக்குத் தெரிந்தது ஓர் ஆடி மாதத்தில். கீழே போடியில் காற்றுதான் அடித்தது. மேலே மழை ஒரு வாரமாக விடவில்லை. விறகெல்லாம் நனைந்து, பறித்த காய் உலராமல் நிறம் மங்கத் தொடங்கியிருந்தது. காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். வீட்டில் குழந்தை தூங்குகிறதே என்று ஸ்வீட்டி அந்த ஸ்டோருக்குள் போய், தட்டுகளுக்கு நடுவே நின்று பொற்கொடியின் கடிதத்தைப் பிரித்தாள். நடுப்பகல் வெயில் காகிதத்திலிருந்து நேராகத் தட்டுகளின் மேல் விழுந்தது. அவள் மூன்று பக்கமும் வாசித்து, சிரித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். புகை வராமலே ஸ்டோர் சூடாகிக் கிடப்பதைக் கண்டு ஜான் உள்ளே வந்தார். தட்டில் கையை விட்டு அளைந்தார். காய் கலகலவென்று சத்தம் போட்டது. அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. “நல்லா எழுதுது அந்தப் புள்ள” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சுருளிவேல் ஹாரன் அடித்ததோடு நிற்காமல் இறங்கியே வந்துவிட்டான்.

“யக்கா, ஜான் அண்ணே கேக்கச் சொன்னாரு. இன்னும் நாலு பக்கம் கூடப் போட்டு எழுத முடியுமாமா?”

“எதுக்குடா?”

“காய் காயணுமாம்.”

தோழிக்கு உதவுகிற சந்தோஷத்தில் பொற்கொடி மாங்கு மாங்கென்று எழுதினாள். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட எழுதினாள். போடியில் இன்று நல்ல வெயில், நேற்றும் நல்ல வெயில், நாளைக்கும் வெயில்தான் என்று பக்கம் பக்கமாகப் போனது. அவற்றைப் பிரித்தபோது கைவிளக்கு அளவுக்குத்தான் வெளிச்சம் வந்தது. காயின் மேல்தோல்கூடச் சுருங்கவில்லை. பிறகு ஒருநாள் எள் காயவைத்ததில் மாமியாருக்கும் அவளுக்கும் வாய்த்தகராறு வந்து, மாமியார் முறத்தோடு எள்ளைத் தெருவில் வீசியதையும், தான் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்க மாட்டேன் என்று நின்றதையும், கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகக் குந்திப் பொறுக்கியதையும் ஸ்வீட்டியிடம் சொல்லியாக வேண்டும் என்ற வேகத்தில் எழுதி அனுப்பினாள். வெயில் என்ற சொல்லே அதில் இல்லை. அன்று சாயங்காலம் சுருளிவேல் மூச்சு வாங்க வந்து நின்றான்.

“யக்கா, மாமியாளோட சண்டை போட்ட லெட்டரு இருக்குல்ல, அது ஒண்ணுலயே ஸ்டோரு முழுக்கக் காஞ்சிருச்சு. வாரத்துக்கு ஒருக்க சண்டை போட முடியுமான்னு அண்ணே கேக்கறாரு.”

உள்ளே ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த லிங்கேஸ்வரன் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். “அதுக்கென்னடா, எங்காத்தாட்டச் சொல்லிவிடுறேன். அது சம்பளம் இல்லாமலே செய்யும்.”

ஜான் அந்தக் கடிதத்தைக் கீழே கொண்டுவந்து ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தார். நகலிலிருந்து வெளிச்சம் வந்தது, சூடு வரவில்லை. கோழிக்குஞ்சுகளுக்குக்கூட ஆகாது என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு கேட்டு வாங்குவதை விட்டுவிட்டார். வருகிற கடிதத்தை ஸ்டோரில் வைத்துப் படிக்கும்படி மனைவியிடம் கேட்டுக்கொண்டதோடு சரி. ஸ்வீட்டிக்கும் அந்த இடம் பிடித்துப்போனது. படித்த கடிதங்களைத் தட்டுகளுக்கு மேலே இருந்த பரணில் அடுக்கிவைத்து, வேலை இல்லாத பொழுதெல்லாம் போய் எடுத்து வாசிப்பாள். ஜான் தோட்டத்துக் காய் மற்றவர்கள் காயைவிடப் பச்சை மாறாமல் வந்தது. போடி வியாபாரிகள் விலை கூட்டிக் கொடுத்தார்கள், காரணம் கேட்கவில்லை.

பிறகு போன் வந்தது. முதலில் வீட்டுப் போன், பிறகு கைப்போன். நினைத்த நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று ஆனதும் கடிதம் குறைந்து, நின்றே போனது. சுருளிவேல் பழக்கதோஷத்தில் இரண்டு ஹாரன் அடித்துவிட்டுத் தானாகவே தலையாட்டிக்கொண்டு போய்விடுவான். குரல் வந்ததே தவிர அதோடு பனியோ வெயிலோ வரவில்லை. இருவரும் விலைவாசியையும் சோனியாவின் மார்க்கையும் பேசினார்கள். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். வேறென்ன, வேறொண்ணுமில்லை என்று வைத்தார்கள். வாட்ஸ்அப் வந்த பிறகு காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்பினார்கள். ரோஜாப்பூவைத் தொட்டுப் பார்த்தால் போன் சூடாக இருந்தது, அது பேட்டரிச் சூடு. பொற்கொடி வீட்டுச் சுவர் பல வருஷம் உதிராமல் இருந்தது. வெள்ளையடிக்கிற செலவு மிச்சம் என்று சொன்ன லிங்கேஸ்வரன், சொன்ன பிறகு கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோனியா நர்சிங் படித்துவிட்டு அயர்லாந்துக்குப் போகும்முன், அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். அதில் என்ன எழுதுவது என்று ஸ்வீட்டிக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் எழுதுவது எப்படி என்று அவள் யோசித்ததே இல்லை. அதனால் தெரிந்த மாதிரியே தொடங்கினாள்: அன்புள்ள பொற்கொடிக்கு. அட்டை கடித்த காலைப் பற்றி எழுதினாள். தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பிவந்த வேலைக்காரப் பெண்ணைப் பற்றியும், மழை நின்ற பிறகும் மரம் மட்டும் தனியாகப் பெய்துகொண்டிருப்பதைப் பற்றியும் எழுதினாள். போடியில் பொற்கொடி அதைக் கைப்போனில் திறந்தபோது, திரையின் ஓரத்திலிருந்து பனி வழிந்து மடியில் விழுந்தது. அவள் பதறி எழுந்து அடுப்பை அணைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

படித்தவர்கள் எல்லோர் வீட்டிலும் பனி இறங்கியது. பொற்கொடி என்பது வாசகரைக் கூப்பிடுகிற பெயர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குவைத்தில் லாரி ஓட்டுகிறவர், டொராண்டோவில் முதியோர் இல்லத்தில் இருப்பவர், பக்கத்து ஊரான தேவாரத்தில் இரவெல்லாம் யானைக்குக் காவல் இருந்துவிட்டு வந்து விடியலில் படிக்கிறவர் என்று பலர் பதில் எழுதி, கீழே “இப்படிக்கு, இன்னொரு பொற்கொடி” என்று கையெழுத்துப் போட்டார்கள். தன் பங்குப் பனி குறைந்துவிடுமோ என்று பொற்கொடிக்கு முதலில் கொஞ்சம் உறுத்தியது. குறையவில்லை. அவளும் பதில் எழுதினாள். அதைப் படித்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுமளவுக்கு வெயில் போனது. அவர்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க இந்த வீட்டுக்குள்ளும் ஒவ்வொன்றாக வந்தது. குவைத்துக்காரர் எழுதினால் நடையில் ஒரு முறம் மணல் கிடக்கும். டொராண்டோ அம்மாள் எழுதினால் மேசையில் கொஞ்சம் உறைபனி இருக்கும். லிங்கேஸ்வரன் அதை எடுத்து மோரில் போட்டுக்கொள்வார். ரேடியோ கடையை அதற்குள் அவர் செல்போன் ரிப்பேர் கடையாக மாற்றியிருந்தார். ஈரமேறிய போன்கள் வந்து குவிந்தன. எல்லோரிடமும் காரணம் கேட்டுச் சலித்துப்போய் வாசலில் ஒரு போர்டு வைத்தார்: மலைப்பக்கத்துக் கடிதம் படித்து நனைந்த போனுக்கு வாரண்டி கிடையாது.

நாலைந்து வருஷம் இப்படிப் போனது. தோழிகள் இருவரும் தங்கள் வாழ்க்கையிலேயே நிறைவாக இருந்த காலம் அதுதான் என்று பொற்கொடி பிற்பாடு நினைத்துக்கொள்வாள். பிறகு ஸ்வீட்டிக்கு நுரையீரலில் நீர் கோத்தது. அது பனியால் வந்ததில்லை, வெறும் நோய்தான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பொற்கொடிக்கும் அதில் சந்தேகமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தும் ஸ்வீட்டி எழுதினாள். கடைசியாக எழுதியது பக்கத்துக் கட்டில் பெண்ணின் கொலுசைப் பற்றி. ஒரு மாசி மாதத்தில் அவள் இறந்துபோனாள். மலையில் மாதா கோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்தார்கள். அன்றைக்கு மலையில் துளிப் பனி இல்லை. போடிமெட்டு வளைவில் ஜீப்பை நிறுத்திப் பார்த்தால் தேவாரம் வரைக்கும் தெரிந்தது. எல்லோரும் தெளிவான நாள் என்றார்கள். பொற்கொடிக்கு அந்தத் தெளிவைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் ஸ்வீட்டியின் பழைய பக்கங்களைத் திறந்தாள். பனி வந்தது. மறுமுறை திறந்தபோது அதில் பாதிதான் வந்தது. பிழிந்த துணியை மறுபடி பிழிவதுபோல் ஒவ்வொரு வாசிப்புக்கும் குறைந்துகொண்டே போனது. பெட்டியிலிருந்த காகிதக் கடிதங்கள் எப்போதோ உலர்ந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தன. கொலுசைப் பற்றிய அந்தக் கடைசிப் பக்கத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் படித்திருந்தாள். இனி அதைத் திறந்தால் அதுவும் தீர்ந்துவிடும் என்று தொடாமல் வைத்தாள். போனைக் கையில் எடுப்பாள், வைத்துவிடுவாள். சோனியாவின் அழைப்பை எடுத்து இரண்டு வார்த்தை பேசுவாள். எழுதுவதை முழுவதுமாக விட்டுவிட்டாள். படிக்க ஆளில்லாமல் என்ன எழுதுவது என்பது அவள் எண்ணம்.

எழுதாததால் அந்த வீட்டில் வெயில் தேங்கத் தொடங்கியது. முதலில் யாருக்கும் உறைக்கவில்லை, பங்குனி என்றால் போடியில் வெயில்தான். ஆனால் சித்திரையில் கோடைமழை பெய்து தெருவே குளிர்ந்து கிடந்தபோதும் அந்த வீட்டுக்குள் நடுப்பகலாக இருந்தது. தேங்காயெண்ணெய் மார்கழியிலும் உறையாது போலிருந்தது. சுவர்க்கடிகாரத்தின் பிளாஸ்டிக் விளிம்பு உருகித் தொங்கியது. பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் சங்கடப்படாமல் வந்து, மழை நாளிலும் வடகத்தை இவர்கள் முன்னறையில் பரப்பிவிட்டுப் போனாள். “அப்படியே காக்கா வராமப் பாத்துக்க தாயி” என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். பொற்கொடி வெயிலோடு வெயிலாக மூலையில் உட்கார்ந்திருந்தாள். லிங்கேஸ்வரன் பாயைத் தூக்கிக்கொண்டு கடையில் போய்ப் படுத்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், எவர்சில்வர் தட்டைத் தொட முடியாமல் கையை உதறினார்.

“யாருக்காச்சும் எழுதித் தொலை புள்ள. வெந்து செத்துருவோம் போலருக்கு.”

“யாருக்கு எழுத?”

“நீ யாருக்கு எழுதுவ? அவளுக்குத்தான்.”

“அவதான் இல்லையே.”

அவர் தட்டைத் துண்டால் பிடித்து இழுத்துக்கொண்டார். “அவ மலையில இருந்தப்ப மட்டும் என்ன, ஒங்கூட இந்த ரூம்லயா இருந்தா? அப்பவும் இல்லாத ஆளுக்குத்தான எழுதுன” என்றார். பிறகு சொன்னது அதிகமாகிவிட்டதோ என்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குழம்பு நல்லாருக்கு என்றார்.

அன்று மத்தியானம் அவள் எழுத உட்கார்ந்தாள். அன்புள்ள ஸ்வீட்டிக்கு என்று தொடங்கியதும் கை தானாக ஓடியது. சொல்லிக்கொள்ளாமல் போனதற்குத் திட்டினாள். ஜக்கம்மாளின் வடகத்தைச் சொன்னாள். கடிகாரம் உருகி, ஒன்பது மணி மட்டும் கீழே தொங்குவதைச் சொன்னாள். உன் கொலுசுப் பக்கத்தைப் படிக்காமல் வைத்திருக்கிறேன், கருமித்தனமாக இருக்கிறது, ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று எழுதினாள். எழுத எழுத வீட்டுக்குள் வெளிச்சம் தணிந்தது. முடிக்கும்போது ஜன்னல் வழியாகச் சாதாரணச் சாயங்காலம் வந்து தரையில் கிடந்தது.

காலையில் சுருளிவேல் வழக்கம்போல் இரண்டு ஹாரன் அடித்தான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது. ஜீப்பு மாறியிருந்தது, முருகன் படம் அதேதான். பொற்கொடி ஓடிவந்து உறையை நீட்டினாள். அவன் பெயரைப் படித்தான்.

“ஸ்வீட்டி அக்காவுக்கா?”

“ஆமா.”

“சரி. நாளைக்குக் கொஞ்சம் வெரசாக் குடுங்கக்கா, ஆளுக மொணங்குதுக.” உறையை முருகனுக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனான்.

சாயங்காலம் ஜீப்பு வந்தது. சுருளிவேல் பின்னாலிருந்து ஓர் ஏலக்காய்ச் சாக்கை இறக்கி, வாசலில் சாய்த்துவைத்தான். “ஜான் அண்ணே குடுத்தாரு. ஒண்ணும் சொல்லல” என்றான். ஆட்கள் அவசரப்படுத்தவே கிளம்பிவிட்டான். பொற்கொடி சாக்கின் வாயை அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே அவளுடைய கையெழுத்து. இத்தனை வருஷம் அவள் மலைக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் உறையோடு அடுக்கியிருந்தன. அவள் சணலை மறுபடி கட்டினாள். போடியில் புழங்கிய யாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். வாங்கிய சரக்கை ஒருவர் சாக்கோடு திருப்பி அனுப்பினால், இனி உன்னோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்பதுதான். இறந்தவளுக்குக் கடிதம் எழுதி அந்த மனிதரை நோகடித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். சாக்கை இழுத்து மாடிப்படிக்குக் கீழே இருட்டில் தள்ளினாள். லிங்கேஸ்வரனிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஹாரன் அடித்தபோது அவள் வெளியே வரவில்லை, அதற்கடுத்த நாளும். கடிகாரம் இன்னும் கொஞ்சம் தொங்கியது.

சில நாள் கழித்து லிங்கேஸ்வரன் மாடிப்படிக்குக் கீழே வழுக்கி விழப்பார்த்தார்.

“ஏ புள்ள, இங்க பைப்பு ஒழுகுதா? தண்ணியாக் கெடக்கு.”

“அங்க ஏதுங்க பைப்பு?”

அவர் டார்ச் லைட்டோடு குனிந்தார். அந்தச் சூட்டு வீட்டில் அந்த மூலைச் சுவர் மட்டும் வியர்த்து, சுண்ணாம்பு உப்பியிருந்தது. சாக்கின் அடிப்பக்கம் சொதசொதவென்றிருந்தது. அவர் சணலை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு வரை வெள்ளையாக மறைந்தது. அவர் கையை வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “அடுப்ப அமத்திட்டு வா” என்றார்.

பொற்கொடி முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, தான் எழுதிய கடிதங்களைத் தானே பிரித்தாள். அவள் போட்டு அனுப்பிய வெயில் ஒன்றில்கூட இல்லை. அதெல்லாம் காயில் இறங்கி, விலைபோய், எந்தெந்த ஊர்ப் பாயசத்திலோ கரைந்துவிட்டது. அது இருந்த இடம் முழுக்க ஸ்வீட்டியின் பனி ஏறியிருந்தது. ஸ்டோரில் நின்றபடி அவள் திரும்பத் திரும்ப வாசித்தபோது இறங்கிய பனி. எள்ளுச் சண்டைக் கடிதம் பஞ்சுபோல் நைந்திருந்தது, அத்தனை தடவை படித்திருக்கிறாள். ஓரங்களில் காய்ப்பிசின் ஒட்டிய கட்டைவிரல் ரேகை. ஓர் இடத்தில் “முறத்தோடு” என்பதற்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தில் சின்னதாக, பாவி என்று எழுதியிருந்தாள். போடியில் இன்று நல்ல வெயில் என்று மட்டும் இருந்த அந்த உதவாக்கரைக் கடிதங்களையும் விட்டுவைக்கவில்லை, அவற்றிலும் பனி இருந்தது. பொற்கொடி படிக்கப் படிக்க அறை நிறைந்தது. நாற்காலி போனது, காலண்டர் போனது, தன் கையே தெரியவில்லை. கதவிடுக்கு வழியாகத் தெருவுக்கும் வழிந்தது. வடகத்தை எடுக்க வந்த ஜக்கம்மாள் வாசலில் நின்று, “ஆத்தாடி, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளுகளா” என்று சந்தோஷமாகவே கேட்டாள்.

காலையில் பொற்கொடி ஹாரன் சத்தத்துக்கு முன்பே வாசலில் நின்றாள். சாக்கைப் பற்றிக் கேட்டாள்.

“அன்னைக்கு அண்ணே எழுதத்தான் ஒக்காந்தாருக்கா. மேல தேதியப் போட்டாரு. பேனாவப் பிடிச்சமேனிக்கே இருந்தாரு. காயி எவ்வளவு, கூலி எவ்வளவு, அதைத் தவிர நான் எதுவும் எழுதுனதில்லடா, மதி, போதும்னு வச்சுட்டாரு. அப்பறம், ஜீப்பு வெறுமனே போகக் கூடாதாம்ல, அவ திட்டுவான்னு சொல்லி இதத் தூக்கி வச்சாரு.”

“அத அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா?”

“நீங்க கேக்கலையேக்கா.”

பொற்கொடி அவனை அடிக்கக் கை ஓங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டான்.

அந்த வாரமே சோனியாவை அழைத்து, உன் அம்மாவின் பக்கத்தில் நான் எழுதலாமா என்று கேட்டாள். சோனியா அழுது முடித்துவிட்டுப் பாஸ்வேர்டைச் சொன்னாள். அது பொற்கொடி என்பதும் ஸ்வீட்டி பத்தாம் வகுப்பு முடித்த வருஷமும் சேர்ந்தது. மூடிக் கிடந்த பக்கத்தில் அன்புள்ள ஸ்வீட்டிக்கு என்று ஒரு கடிதம் வந்தது. தேங்கியிருந்த வெயிலெல்லாம் அதன் வழியாக வெளியே போனது. “சித்தி, ஒரு வாரமாக் காயாமக் கெடந்த யூனிஃபார்ம் காஞ்சிருச்சு, பக்கத்து வீட்டு ஐரிஷ்காரம்மா எட்டி எட்டிப் பாக்குது” என்று சோனியா செய்தி அனுப்பினாள். எங்கள் ஊரில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் வெயில் இருக்கிறது, இருந்தாலும் நிறுத்திவிடாதீர்கள் என்று குவைத்துக்காரர் எழுதி, இப்படிக்கு இன்னொரு ஸ்வீட்டி என்று முடித்திருந்தார். நடையில் ஒரு முறம் மணல் கிடந்தது. கொலுசுப் பக்கத்தைப் பொற்கொடி அன்றைக்குத் திறந்து முழுவதும் படித்தாள். இருந்த பனி வந்து, இருந்து, கலைந்தது. பதில் எழுதினாள்.

மலைக்கும் வாரம் ஒரு கடிதம் போனது. சாயங்காலங்களில் ஜானிடமிருந்து ஏதாவது வந்தது: ஒரு கை காய், ஓர் ஆரஞ்சு, சோனியா அனுப்பிய படம். ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒருநாள், சுருளிவேல் வேறொன்றும் இல்லாமல் ஒரு மடித்த காகிதத்தை மட்டும் கொடுத்தான். கடிதம் மடித்துப் பழகாத கை, விளிம்புகள் ஒட்டவில்லை. மேலே தேதி இருந்தது. கீழே, கணக்கு எழுதுவதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு வரி: மழை விடவில்லை. உன் கடிதத்தில் காய் நன்றாகக் காய்ந்தது. மாதா கோயில் பின்புறம் புல் வெட்டினேன். அவள் செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. அவ்வளவுதான் இருந்தது. கையெழுத்துப் போட மறந்திருந்தார்.

காகிதத்திலிருந்து பனி இறங்கித் தரையில் ஊர்ந்து, அவள் கணுக்கால் வரைக்கும் வந்து நின்றது. முதல் கடிதத்துக்கு அது அதிகம்தான். அடுப்பில் பால் இருந்தது. பொற்கொடி போய் அதை அணைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.